சக்கரம் 1,000 முறை சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் போகும்? வட்டப்பாதை கணக்குகளில் மார்க்கை விடாமல் இருப்பது எப்படி?

"ஒரு சக்கரத்தின் விட்டம் 70 செ.மீ. அது 1,000 முறை சுற்றினால் கடக்கும் தொலைவு எவ்வளவு?"

டிஎன்பிஎஸ்சி, எஸ்.எஸ்.சி., ரயில்வே, போலீஸ் தேர்வு என எதற்குப் படித்தாலும் இந்த ரகக் கேள்வி ஒரு நாள் எதிரே வந்து நிற்கும். பார்த்தால் எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனாலும் தேர்வு அறையில் பலரும் சறுக்கும் இடம் இது. சூத்திரம் தெரியாமல் யாரும் சறுக்குவதில்லை. விட்டத்தை ஆரம் என்று எடுத்துக்கொள்வது, செ.மீ.-ஐ மீட்டராக மாற்ற மறப்பது, தொலைவு கேட்டால் இடப்பெயர்ச்சியைக் குறிப்பது என்று சின்னச் சின்ன விஷயங்களில்தான் மார்க் போகிறது.

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளுக்கு 300 மதிப்பெண். அதில் 25 கேள்விகள் திறனறிவு, கணக்கு பகுதியிலிருந்து வருகின்றன. அதாவது ஒரு கேள்வி போனால் ஒன்றரை மார்க் காலி. எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல்நிலைத் தேர்வில் நிலைமை இன்னும் மோசம். தவறான விடைக்கு 0.50 மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு மார்க்கில் தரவரிசை எங்கேயோ போய்விடும் போட்டியில், இந்தக் கணக்கை விடவே கூடாது.

சரி, வட்டப்பாதை தொலைவு கணக்குகளை எப்படி அணுகுவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

பத்து சூத்திரம் வேண்டாம், மூன்று கேள்வி போதும்

சக்கரம், மைதானம், கடிகாரம், ராட்டினம் என்று கேள்வி எந்த வேஷத்தில் வந்தாலும் உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றுதான்.

தொலைவு = சுற்றுகளின் எண்ணிக்கை × ஒரு சுற்றின் நீளம்

ஒரு சுற்றின் நீளம் என்பது வட்டத்தின் சுற்றளவு. அது 2 × பை × ஆரம். அல்லது பை × விட்டம். இரண்டும் ஒன்றே.

கேள்வியைப் படித்ததும் பேனாவை எடுக்கும் முன்பே உங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்:

• எந்தப் புள்ளி நகர்கிறது? வண்டியா, ஓடுபவரா, முள்ளின் நுனியா?
• அது ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போகும்?
• மொத்தம் எத்தனை சுற்று?

இதில் முதல் கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் அதுதான் முக்கியம். ஏன் என்பது இந்தக் கட்டுரை முடிவதற்குள் புரிந்துவிடும்.

முதல் கணக்கு: சக்கரமும் வண்டியும்

மேலே கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம். விட்டம் 70 செ.மீ., சுற்றுகள் 1,000.

நகர்வது வண்டி. சக்கரம் வழுக்காமல் ஒரு முறை முழுதாக உருண்டால், அதன் சுற்றளவு மொத்தமும் தரையில் ஒரு முறை பதிந்துவிடும். ஈரமான சக்கரத்தில் ஒரு இடத்தில் சுண்ணாம்பு தடவி உருட்டினால், தரையில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள இடைவெளிதான் சுற்றளவு. வண்டியும் அவ்வளவு தூரம்தான் முன்னேறும்.

சுற்றளவு = 22/7 × 70 = 220 செ.மீ. = 2.2 மீட்டர்
1,000 சுற்றுக்கு = 2.2 × 1,000 = 2,200 மீட்டர் = 2.2 கி.மீ.

இவ்வளவுதான். இப்போது இதே கேள்விக்கு விடைகள் இப்படிக் கொடுக்கப்பட்டிருந்தால் பாருங்கள்:

(அ) 1.1 கி.மீ. (ஆ) 2.2 கி.மீ. (இ) 4.4 கி.மீ. (ஈ) 22 கி.மீ.

70-ஐ ஆரம் என்று நினைத்து 2 × 22/7 × 70 போட்டவருக்கு 4.4 வரும். அவர் சந்தோஷமாக (இ)-யைக் குறித்துவிட்டுப் போவார். ஆரத்தை 35 என்று சரியாகக் கண்டுபிடித்து, 2-ஆல் பெருக்க மறந்தவருக்கு 1.1 வரும். அலகு மாற்றும்போது ஒரு பூஜ்யத்தை விட்டவருக்கு 22. ஆக, தவறான விடைகள் சும்மா வைக்கப்பட்ட எண்கள் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு தவறுக்கான பொறி. "என் விடை ஆப்ஷனில் இருக்கே" என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது.

கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்பார்கள். "இதே சக்கரம் 11 கி.மீ. போக எத்தனை முறை சுற்ற வேண்டும்?" 11,000 மீட்டரை 2.2-ஆல் வகுத்தால் 5,000 முறை.

வேகத்தைச் சேர்த்தும் கேட்பார்கள். "70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் கொண்ட கார் மணிக்கு 66 கி.மீ. வேகத்தில் போகிறது. சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும்?" முதலில் வேகத்தை நிமிடக் கணக்குக்கு மாற்றுங்கள். 66,000 மீட்டரை 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 1,100 மீட்டர். அதை 2.2-ஆல் வகுத்தால் 500 முறை.

டிராக்டர் கணக்கு இன்னொரு வகை. பின்சக்கரத்தின் விட்டம் 140 செ.மீ., முன்சக்கரத்தின் விட்டம் 70 செ.மீ. "முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட 250 சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தால், டிராக்டர் போன தூரம் எவ்வளவு?" இங்கே பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. சுற்றுகள் வேறு, தூரம் ஒன்றுதான். முன்சக்கரம் தனியாக ஓடிப்போய் முன்னால் நிற்காது. பின்சக்கரத்தின் சுற்றளவு 4.4 மீ., முன்சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீ. பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது முன்சக்கரம் இரண்டு சுற்று. அதாவது ஒவ்வொரு 4.4 மீட்டருக்கும் ஒரு சுற்று அதிகம். 250 சுற்று அதிகம் என்றால் 250 × 4.4 = 1,100 மீட்டர்.

7-ம் 44-ம்: விரல் நுனியில் ஒரு ஷார்ட்கட்

போட்டித் தேர்வுக் கணக்குகளில் ஆரம் பெரும்பாலும் 7-ன் மடங்காகவே வரும். பை-க்கு 22/7 போட்டால் சுலபமாக அடிபட வேண்டும் என்பதற்காக அப்படி அமைக்கிறார்கள். அதனால் இதை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்:

ஆரம் 7 என்றால் சுற்றளவு 44
ஆரம் 14 என்றால் 88
ஆரம் 21 என்றால் 132
ஆரம் 28 என்றால் 176
ஆரம் 35 என்றால் 220
ஆரம் 42 என்றால் 264
ஆரம் 49 என்றால் 308
ஆரம் 70 என்றால் 440

ஆரத்தில் எத்தனை 7 இருக்கிறதோ, அத்தனை 44. அவ்வளவே.

இதிலிருந்தே இன்னொரு உபயோகம். ஆரம் 7-ன் மடங்காகவும் சுற்றுகள் முழு எண்ணாகவும் இருந்தால், தொலைவு கண்டிப்பாக 11-ஆல் வகுபடும். ஆப்ஷனில் 11-ஆல் வகுபடாத எண் இருந்தால் அதைப் பார்த்தவுடனே தள்ளிவிடலாம். ஆனால் கேள்வியில் பை-க்கு 3.14 பயன்படுத்தச் சொல்லியிருந்தால் இந்த வித்தை பலிக்காது, ஜாக்கிரதை.

22/7 என்பது பை-யின் உண்மையான மதிப்பா? இல்லை. பை என்பது 3.14159 என்று முடிவில்லாமல் போகும் எண். 22/7 என்பது 3.142857. கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே, பை என்பது 22/7-ஐ விடக் கொஞ்சம் குறைவு என்று நிரூபித்துவிட்டார். வித்தியாசம் ஆயிரத்தில் பாதிகூட இல்லை. ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்கு சுமார் 40 செ.மீ. மட்டுமே கூடுதலாகக் காட்டும். பரீட்சைக்கு இது போதும்.

தொலைவா, இடப்பெயர்ச்சியா?

அடுத்த பொறி இதுதான். அறிவியல் பாடத்தில் படித்திருப்போம். தொலைவு என்பது நடந்த பாதையின் மொத்த நீளம். இடப்பெயர்ச்சி என்பது கிளம்பிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் உள்ள நேர்கோட்டு இடைவெளி.

ஒரு கணக்கு. 70 மீட்டர் ஆரமுள்ள வட்ட மைதானத்தை ஒருவர் 40 விநாடியில் ஒரு சுற்று ஓடுகிறார். 2 நிமிடம் 20 விநாடி முடிவில் அவர் கடந்த தொலைவு எவ்வளவு? இடப்பெயர்ச்சி எவ்வளவு?

2 நிமிடம் 20 விநாடி என்றால் 140 விநாடி. 140-ஐ 40-ஆல் வகுத்தால் மூன்றரை சுற்று. ஒரு சுற்று 440 மீட்டர். ஆக தொலைவு 3.5 × 440 = 1,540 மீட்டர்.

இடப்பெயர்ச்சிக்கு முழுச் சுற்றுகளைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். மூன்று சுற்று ஓடி அவர் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டார். மிச்சம் இருப்பது அரைச் சுற்று மட்டும். அரைச் சுற்றில் அவர் நேர் எதிர்ப்புறம் நிற்பார். இடையே இருப்பது விட்டம். எனவே இடப்பெயர்ச்சி 140 மீட்டர்.

நினைவில் வைக்க:

• முழுச் சுற்று: இடப்பெயர்ச்சி பூஜ்யம்
• அரைச் சுற்று: விட்டம், அதாவது 2 × ஆரம்
• கால் சுற்று, முக்கால் சுற்று: ஆரம் × 1.414

கால் சுற்றுக்கு ஏன் 1.414? மையத்திலிருந்து இரண்டு இடங்களுக்கும் கோடு போட்டால் செங்கோணம் கிடைக்கும். அதன் கர்ணம்தான் இடப்பெயர்ச்சி. பித்தாகரஸ் தேற்றம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முக்கால் சுற்று ஓடினாலும் அதே நீளம்தான். ஏனென்றால் இன்னொரு பக்கத்தில் அதே கால் வட்டம்தான் மிச்சம் இருக்கிறது.

கடிகார முள் எவ்வளவு தூரம் போகும்?

இங்கே நகர்வது முள்ளின் நுனி. முள்ளின் நீளம்தான் ஆரம். நிமிட முள் 60 நிமிடத்தில் ஒரு சுற்று. மணி முள் 12 மணி நேரத்தில் ஒரு சுற்று. 24 மணி நேரத்தில் ஒரு சுற்று என்று அவசரத்தில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: நிமிட முள்ளின் நீளம் 21 செ.மீ. 35 நிமிடத்தில் அதன் நுனி கடக்கும் தொலைவு?

ஒரு சுற்று 132 செ.மீ. 35 நிமிடம் என்பது 35/60 சுற்று. 132 × 35/60 = 77 செ.மீ.

கோணத்தில் கேட்டாலும் இதே வழிதான். மையக் கோணத்தை 360-ஆல் வகுத்தால் எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். 120 டிகிரி என்றால் மூன்றில் ஒரு சுற்று. பாடப்புத்தகம் இதை வில்லின் நீளம் என்று தனிச் சூத்திரமாகச் சொல்கிறது. உண்மையில் அது புதுச் சூத்திரம் இல்லை. நம்முடைய பழைய சூத்திரத்தில் சுற்றுகளின் எண்ணிக்கை பின்னமாக வருகிறது, அவ்வளவுதான்.

இரண்டு பேர் ஓடினால் எப்போது சந்திப்பார்கள்?

600 மீட்டர் வட்டப்பாதையில் ஒருவர் மணிக்கு 18 கி.மீ., இன்னொருவர் மணிக்கு 10.8 கி.மீ. வேகத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறார்கள். இதில் மூன்று விதமாகக் கேள்வி வரும்.

முதலில் வேகத்தை மாற்றுங்கள். 5/18-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 5 மீட்டர், 3 மீட்டர்.

ஒரே திசையில் ஓடினால் முதல் சந்திப்பு எப்போது? வேகமாக ஓடுபவர் மற்றவரை ஒரு முழுச் சுற்று முந்தினால்தான் மறுபடி சந்திக்க முடியும். விநாடிக்கு அவர் முந்துவது 5 – 3 = 2 மீட்டர். 600-ஐ 2-ஆல் வகுத்தால் 300 விநாடி. அதாவது 5 நிமிடம்.

எதிரெதிர் திசையில் ஓடினால்? இருவரும் சேர்ந்து 600 மீட்டரை முடித்தால் போதும். 5 + 3 = 8. 600-ஐ 8-ஆல் வகுத்தால் 75 விநாடி.

கிளம்பிய இடத்திலேயே இருவரும் மறுபடி சேர்வது எப்போது? இங்கே கழித்தல், கூட்டல் எதுவும் உதவாது. முதலாமவர் 120 விநாடிக்கு ஒரு முறை கிளம்பிய இடத்துக்கு வருவார். இரண்டாமவர் 200 விநாடிக்கு ஒரு முறை. இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 600. ஆக 600 விநாடி, 10 நிமிடம்.

சரிபார்த்துவிடலாமா? 600 விநாடியில் முதலாமவர் 3,000 மீட்டர் ஓடி 5 சுற்று முடித்திருப்பார். இரண்டாமவர் 1,800 மீட்டர் ஓடி 3 சுற்று. இருவருமே முழுச் சுற்று. சரிதான். 300-வது விநாடியில் இரண்டரைச் சுற்றும் ஒன்றரைச் சுற்றும் ஓடியிருப்பார்கள். அப்போது சந்திப்பது கிளம்பிய இடத்துக்கு நேர் எதிரே. "சந்திப்பார்கள்" என்பதும் "கிளம்பிய இடத்தில் சந்திப்பார்கள்" என்பதும் வேறு வேறு கேள்வி. கேள்வியில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

400 மீட்டர் ஓட்டத்தில் ஏன் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பதில்லை?

ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். வெளி லேனில் இருப்பவர் ரொம்ப முன்னால் நிற்பார். அவருக்கு சலுகை கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றும். இது சலுகை இல்லை, சுற்றளவுக் கணக்கு.

உலக தடகள அமைப்பின் நிலையான ட்ராக்கில் நேர்ப்பாதை இரண்டு. ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். இரண்டு முனையிலும் அரைவட்ட வளைவு. உள்விளிம்பின் ஆரம் 36.50 மீட்டர். ஆனால் யாரும் விளிம்பின் மேலேயே ஓட முடியாது. அதனால் முதல் லேனை உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கிறார்கள். ஆக ஆரம் 36.80.

இரண்டு அரைவட்டம் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். 2 × 3.1416 × 36.80 = 231.22 மீட்டர். நேர்ப்பாதை இரண்டும் 168.78 மீட்டர். கூட்டினால் சரியாக 400. இங்கே 22/7 போட்டிருந்தால் 400.09 வந்திருக்கும். 9 செ.மீ. பிசகு. பரீட்சைக்குப் போதுமான 22/7, விளையாட்டு மைதானத்துக்குப் போதாது.

இரண்டாவது லேனில் இருப்பவர் அதே வளைவை இன்னும் பெரிய ஆரத்தில் ஓடுகிறார். லேனின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாவது லேனிலிருந்து, உட்கோட்டுக்கு 20 செ.மீ. தள்ளி அளப்பது விதி. அவருடைய ஆரம் 36.50 + 1.22 + 0.20 = 37.92. முதல் லேனைவிட 1.12 மீட்டர் அதிகம். எனவே ஒரு சுற்றுக்கு அவர் 2 × 3.1416 × 1.12 = 7.04 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். அந்த 7.04 மீட்டரைத்தான் ஆரம்பத்திலேயே முன்னால் நிறுத்தி ஈடு செய்கிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு லேனுக்கும் சுமார் 7.67 மீட்டர் கூடிக்கொண்டே போகும். எட்டாவது லேனில் இருப்பவர் முதல் லேன்காரரைவிட 53 மீட்டர் முன்னால் நிற்பார். இந்தக் கணக்கைப் போடாமல் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால், எட்டாவது லேன்காரர் 453 மீட்டர் ஓட வேண்டும். உலகச் சாம்பியனாக இருந்தாலும் தோற்றுத்தான் போவார்.

இதில் தேர்வுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கூடுதல் தூரம் கண்டுபிடிக்க வட்டம் எவ்வளவு பெரியது என்று தெரியவே வேண்டாம். ஆரம் எவ்வளவு கூடியது என்று தெரிந்தால் போதும். "வட்டப் பூங்காவைச் சுற்றி 3.5 மீட்டர் அகலப் பாதை. வெளிவிளிம்பில் நடப்பவர் உள்விளிம்பில் நடப்பவரைவிட ஒரு சுற்றில் எவ்வளவு அதிகம் நடப்பார்?" பூங்காவின் ஆரம் தரவில்லையே என்று திகைக்க வேண்டாம். 2 × 22/7 × 3.5 = 22 மீட்டர். பூங்கா சின்னதானாலும் பெரியதானாலும் இதே விடைதான்.

டயர் தேய்ந்தால் கிலோமீட்டர் கூடும்

உங்கள் பைக்கின் ஓடோமீட்டர் சாலையை அளப்பதில்லை. சக்கரம் அல்லது கியர்பாக்ஸ் எத்தனை சுற்று சுற்றியது என்பதை எண்ணி, கம்பெனி நிர்ணயித்த சுற்றளவால் பெருக்கிக் காட்டுகிறது. நாம் போடும் அதே கணக்கு.

டயரின் விட்டம் 600 மி.மீ. என்றும், ரப்பர் 6 மி.மீ. தேய்ந்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்த்து விட்டம் 12 மி.மீ. குறையும். அதாவது 2 சதவீதம். சுற்றளவும் அதே 2 சதவீதம் குறையும். ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. பழைய சுற்றளவாலேயே பெருக்கிக்கொண்டிருக்கும். மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி போனது 98 கி.மீ.தான். லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கிறது என்று நீங்கள் நினைக்கும் வண்டி உண்மையில் 49-தான் கொடுக்கிறது. பெரிய டயர் மாட்டினால் இது தலைகீழ். மீட்டர் குறைத்துக் காட்டும். வேகத்தையும் குறைத்துக் காட்டும் என்பதால் அது கொஞ்சம் ஆபத்தும்கூட.

3 லட்சம் பேர் எழுதிய தேர்வில் கேள்வி தயாரித்தவர்களே தவறிய கணக்கு

எந்தப் புள்ளி நகர்கிறது என்பது ஏன் முக்கியம் என்று ஆரம்பத்தில் கேட்டோம் அல்லவா? அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் நல்ல உதாரணம்.

1982 மே மாதம். கல்லூரி சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை சுமார் 3 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். அதில் ஒரு கேள்வி. ஒரு சின்ன வட்டத்தின் ஆரம், பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சின்ன வட்டம் பெரிய வட்டத்தின் வெளிவிளிம்பில் உருண்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறது. அது மொத்தம் எத்தனை முறை சுற்றியிருக்கும்?

பெரிய வட்டத்தின் சுற்றளவு மூன்று மடங்கு. எனவே 3 சுற்று. இதுதான் பலருக்கும் தோன்றும் விடை. கேள்வி தயாரித்தவர்களும் 3 என்றே வைத்திருந்தார்கள். சரியான விடை 4. அந்த 4 ஆப்ஷன்களிலேயே இல்லை. மூன்று மாணவர்கள் மட்டும் தேர்வு நடத்திய அமைப்புக்கு எழுதி இதைச் சுட்டிக்காட்டினார்கள். கடைசியில் அந்தக் கேள்வி நீக்கப்பட்டு, மதிப்பெண்கள் மறுபடி கணக்கிடப்பட்டன.

எப்படி 4? சக்கரம் உருளும்போது சுற்றுகளைத் தீர்மானிப்பது அதன் மையம் போகும் தூரம். சமதளச் சாலையில் சாலையின் நீளமும் மையம் போகும் தூரமும் ஒன்று. அதனால் குழப்பமே வராது. இங்கே சின்ன வட்டத்தின் ஆரம் 1, பெரிய வட்டத்தின் ஆரம் 3 என்று வைத்தால், சின்ன வட்டத்தின் மையம் 3 + 1 = 4 ஆரமுள்ள பாதையில் போகிறது. மையம் போன தூரத்தைச் சின்ன வட்டத்தின் சுற்றளவால் வகுத்தால் 4 சுற்று.

நம்பிக்கை வரவில்லையா? வீட்டில் ஒரே அளவுள்ள இரண்டு நாணயங்களை மேஜையில் படுக்க வையுங்கள். ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதை அதன் விளிம்பை ஒட்டி வழுக்காமல் உருட்டுங்கள். சுற்றளவு சமம் என்பதால் ஒரு சுற்று என்று நினைப்போம். நாணயத்தில் இருக்கும் உருவத்தைக் கவனித்தால், பாதி வழியிலேயே அது நேராக நிமிர்ந்திருக்கும். முழுதாக வரும்போது இரண்டு சுற்று முடிந்திருக்கும்.

அப்படியானால் வட்ட மைதானத்தைச் சுற்றும் சைக்கிளுக்கும் ஒரு சுற்று கூட்ட வேண்டுமா? வேண்டாம். சைக்கிள் சக்கரம் தரையில் நிமிர்ந்து நிற்கிறது. அதன் மையம் தரைப்பாதைக்கு நேர் மேலே அதே ஆரத்தில் போகிறது. 35 மீட்டர் ஆரமுள்ள மைதானத்தை, 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு முறை சுற்றிவந்தால் 220 ÷ 2.2 = 100 சுற்று. 101 என்று எழுதினால் தவறு.

இன்னொரு வேடிக்கை. 70 செ.மீ. சக்கரத்தின் விளிம்பில் ஒரு சூயிங்கம் ஒட்டியிருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று உருண்டால் வண்டி 220 செ.மீ. முன்னேறும். சூயிங்கம் காற்றில் வளைந்து வளைந்து போன பாதையின் நீளமோ 280 செ.மீ. அந்த வளைவுக்கு சைக்ளாய்டு என்று பெயர். ஒரு சுற்றுக்கு அதன் நீளம் சரியாக விட்டத்தின் நான்கு மடங்கு. 1658-ல் இதைக் கண்டுபிடித்தவர் கிறிஸ்டோபர் ரென். லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த அதே ரென். ஒரே சக்கரம், ஒரே சுற்று. ஆனால் எந்தப் புள்ளி என்பதைப் பொறுத்துத் தூரம் மாறுகிறது.

தேர்வு அறையில் கடைசியாக ஒரு செக்லிஸ்ட்

• கொடுத்திருப்பது ஆரமா, விட்டமா? அந்தச் சொல்லைக் கேள்வித்தாளிலேயே வட்டமிடுங்கள்.
• எல்லா அளவும் ஒரே அலகில் இருக்கிறதா? விடை எந்த அலகில் கேட்கிறார்கள்?
• கேட்பது தொலைவா, இடப்பெயர்ச்சியா, சுற்றுகளின் எண்ணிக்கையா?
• விடை நம்பும்படி இருக்கிறதா? 1,000 சுற்றில் சைக்கிள் 22 கி.மீ. போகாது.

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. 56 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் 250 முறை சுற்றினால் கடக்கும் தொலைவு?
2. 10.5 மீட்டர் ஆரமுள்ள ராட்டினம் 40 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. 6 நிமிடத்தில் பெட்டியில் இருப்பவர் கடக்கும் தொலைவு, இடப்பெயர்ச்சி எவ்வளவு?
3. 35 செ.மீ. ஆரமுள்ள கார் சக்கரம் 40 நிமிடத்தில் 20,000 முறை சுற்றியது. காரின் வேகம் மணிக்கு எத்தனை கி.மீ.?
4. 10.5 செ.மீ. நீளமுள்ள நிமிட முள்ளின் நுனி 20 நிமிடத்தில் கடக்கும் தொலைவு?
5. 400 மீட்டர் வட்டப்பாதையில் இருவர் விநாடிக்கு 6 மீ., 4 மீ. வேகத்தில் எதிரெதிர் திசையில் ஓடினால் முதல் சந்திப்பு எப்போது?

விடைகள்: 1) 440 மீட்டர். 2) தொலைவு 594 மீட்டர், 9 முழுச் சுற்று என்பதால் இடப்பெயர்ச்சி பூஜ்யம். 3) 66 கி.மீ. 4) 22 செ.மீ. 5) 40 விநாடி.

ஐந்தும் சரியாக வந்துவிட்டதா? அப்படியென்றால் இந்தப் பகுதியிலிருந்து வரும் கேள்வியைத் தைரியமாகத் தொடலாம். ஏதாவது ஒன்று தப்பினால், சூத்திரத்தை மறுபடி மனப்பாடம் செய்ய உட்கார வேண்டாம். மேலே இருக்கும் மூன்று கேள்விகளில் எதைக் கேட்காமல் விட்டீர்கள் என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.